தினம் ஒரு டின் டியூனா தின்றேன், அப்புறம்தான் கணக்குப் போட்டேன்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற இரைச்சல் ஏசிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் இந்த மாதத்தில் அதை நிறுத்தினால் கேமராவும் நானும் சேர்ந்தே உருகிவிடுவோம்.

மேசையில் மூன்று டின் இருக்கிறது பாருங்கள். மூன்றும் டியூனா. கல்ஃபில் பேச்சிலர் ரூமில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி முடிந்து வந்தால் மீன் வாங்கி, அரிந்து, குழம்பு வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஒரு டின்னை உடைத்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு வதக்கி, இங்கே கிடைக்கிற அரபு ரொட்டி குபூஸ் இரண்டைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். இதில் நான் ஜிம் வேறு சேர்ந்துவிட்டேன். புரோட்டீன் வேண்டுமே என்று நாலு மாதம் ஒரு நாள் விடாமல் ஒரு டின்.

வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டாள். “ஏல, தெனமும் டப்பா மீனையா திங்க? சூரைதானல அது?” என்றாள். தூத்துக்குடிக்காரி. சூரை என்றாலே முகம் சுளிப்பாள். கறுத்த ரத்தம், தின்றால் உடம்பு அரிக்கும் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதே மீனை வேகவைத்து, புகை காட்டிக் காயவைத்தால் மாசி. அதை மட்டும் தேடி வாங்குவாள். நான் அதைச் சொன்னதும், “அதத் தெனமுமா திங்கோம்?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது.

டியூனாவில் பாதரசம் இருக்கிறது என்பது வதந்தி இல்லை. நிலக்கரி எரிப்பது, தங்கச் சுரங்கம் என்று பல வழிகளில் பாதரசம் கடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது இதே மெத்தில் பாதரசம்தான். 1956-ல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அங்கே ஒரு தொழிற்சாலை கழிவை நேராகக் கடலில் விட்டது, அளவும் எங்கேயோ. அதை டியூனா டின்னோடு சமமாக வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் டின் விவகாரமும் புதிது இல்லை. 1970 டிசம்பரில் அமெரிக்காவில் ப்ரூஸ் மெக்டஃபி என்ற வேதியியல் பேராசிரியர் டின் டியூனாவைச் சோதித்துப் பார்த்தார். அப்போதைய வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். அவருக்குக் கிடைத்தது 0.75. ஏறக்குறைய பத்து லட்சம் டின்களைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. பாதரசம் மீனின் தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெயை வடித்தாலும் போகாது, எவ்வளவு வதக்கினாலும் போகாது.

சரி, இப்போது டின்னைத் திருப்புங்கள். முன்பக்கத்துப் படத்தை விடுங்கள், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இந்த முதல் டின்னில் ஸ்கிப்ஜாக் என்று இருக்கிறது, பக்கத்தில் அதன் அறிவியல் பெயர், கட்சுவோனஸ் பெலாமிஸ். நம்ம ஊர் வரிச்சூரை இதுதான். சின்ன மீன், சீக்கிரம் வளரும், அதனால் பாதரசம் சேர அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ‘லைட் டியூனா’ என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ‘லைட்’ என்றால் கொழுப்பு குறைவு என்று நானே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சதையின் நிறம், அவ்வளவுதான். இரண்டாவது டின் ஒயிட் டியூனா, அதாவது ஆல்பகோர். மூன்றாவது யெல்லோஃபின். இது இரண்டும் பெரிய மீன்.

அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சோதித்ததில் லைட் டியூனாவில் சராசரியாக கிராமுக்கு 0.126 மைக்ரோகிராம் பாதரசம். ஆல்பகோரிலும் யெல்லோஃபின்னிலும் 0.35 சுமார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடையில் பார்த்தால் மூன்றும் ஒரே தட்டில் இருக்கும்.

இனி என் கணக்கு. நான் 70 கிலோ. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்கிறது. எனக்கு வாரத்துக்கு 49 வருகிறது. தண்ணீர் வடித்த பிறகு இந்த லைட் டின்னில் 120 கிராம் மீன், அதில் சுமார் 15 மைக்ரோகிராம். மூன்று டின் தின்றால் 45. அதோடு முடிந்தது. ஒயிட் டியூனா என்றால் ஒரே டின்னில் 42, வாரக் கோட்டா காலி. நான் தின்றது வாரத்துக்கு ஏழு டின், அதாவது 105. ஐரோப்பியர்கள் வைத்த வரம்பு கொஞ்சம் தாராளம், வாரத்துக்குக் கிலோவுக்கு 1.3. அதன்படி எனக்கு 91. அதையும் தாண்டிவிட்டேன். நல்லவேளை, நான் வாங்கியதெல்லாம் லைட். ஒயிட் டியூனாவாக இருந்திருந்தால் 300-க்குப் பக்கத்தில் போயிருக்கும்.

பயந்துவிடாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வரம்புகளை நிறைய இடம் விட்டுத்தான் போடுகிறார்கள். நிறுத்தினால் உடம்பில் இருப்பது ஏறக்குறைய 50 நாளில் பாதியாகக் குறையும். அதையே திருப்பிப் பாருங்கள்: தினமும் தின்றால் இறங்குவதற்குள் அடுத்தது ஏறுகிறது. ஒரு வாரம் விடாமல் தின்றது பெரிய விஷயம் இல்லை. மாதக்கணக்கில் தின்பதுதான் விஷயம்.

இதில் நான் கறாராகச் சொல்வது கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும்தான். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளைதான் இதற்கு முதலில் அடிபடும். அதற்காக மீனையே நிறுத்தக்கூடாது, அந்தக் குழந்தைக்கு மீனின் கொழுப்பும் தேவை. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு லைட் டியூனா மாதிரி பாதரசம் குறைந்த மீன் வாரம் இரண்டு மூன்று முறை, ஆல்பகோர் என்றால் ஒரே முறை, பிக்ஐ டியூனா வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இங்கிலாந்தில் வாரம் நான்கு டின் வரை விடுகிறார்கள். நான் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பிள்ளைகள் என்றால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இபிஏ கணக்கில் வாரத்துக்கு 14 மைக்ரோகிராம். ஒரு முழு லைட் டின்னே கூடுதல். டிபன் பாக்ஸில் தினமும் டியூனா சாண்ட்விச் வைக்கிற அம்மாக்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்.

நல்லது இல்லையா என்றால், இருக்கிறது. 100 கிராமில் 20-லிருந்து 25 கிராம் புரோட்டீன், பி12, செலினியம். ஆனால் ஒமேகா-3க்காக லைட் டியூனா தின்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். அதில் 100 கிராமுக்குக் கால் கிராம் தேறினால் பெரிது. டின் மத்தியில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கிறது. மத்தியின் முள்ளையும் சேர்த்தே தின்பதால் கால்சியமும் வரும், பாதரசமோ லைட் டியூனாவில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். விலையும் குறைவு. ஜிம்மில் யாரும் மத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஏனோ.

உப்பைப் பாருங்கள், பிரஷர் இருப்பவர்கள் உப்புத் தண்ணீரில் போட்டதை வாங்காதீர்கள். யூரிக் ஆசிட் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டின்னின் உள்பூச்சில் வரும் பிபிஏ என்ற வேதிப்பொருள் பற்றியும் பேச்சு இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 கடைசியில் அதைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டார்கள், மாறிக்கொள்ள அவகாசம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா சொன்ன அரிப்புக்கு வருகிறேன். அது மூடநம்பிக்கை இல்லை. சூரையைப் பிடித்த உடனே ஐஸில் போடாவிட்டால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், அலர்ஜி மாதிரி அரிப்பைக் கொடுக்கிற பொருள் அது. ஒருமுறை வந்துவிட்டால் எந்தச் சூட்டுக்கும் போகாது. டின்னைத் திறந்து வெளியே வைத்தாலும் இதே கதைதான். எங்கள் ரூமில் ஒரு தம்பி ராத்திரி பாதி டின்னைத் தின்றுவிட்டு மீதியை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டான். காலையில் அதையே குபூஸில் சுருட்டித் தின்றான். மிளகு கடித்த மாதிரி நாக்கு எரிகிறது என்றான். அரைமணி நேரத்தில் முகம், கழுத்து எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. கிளினிக்கில் அலர்ஜி மருந்து கொடுத்தார்கள், சாயங்காலம் சரியாகிவிட்டான். மீதியை ஒரு மூடி டப்பாவில் மாற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நான் மறுநாளே காலி செய்துவிடுவேன்.

சரி, பசிக்கிறது. கடாய் காய்ந்துவிட்டது. ஸ்கிப்ஜாக் டின்னைத்தான் திறக்கிறேன். மற்ற இரண்டும் உங்களுக்குக் காட்டத்தான் வாங்கினேன், கீழ் ரூம்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மிளகுத்தூள் கொஞ்சம் தாராளமாக, கறிவேப்பிலை நேற்றுத்தான் வாங்கியது. இந்த வாரத்துக்கு இது மூன்றாவது டின். அதோ, ஃபிரிட்ஜ் கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், தெரிகிறதா? நாளைக்கு மத்தி.