பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நம் வீட்டில் என்ன பேசுகிறோம்?

(கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

அழைப்பிதழில் ‘வளரிளம் பருவத்தினர் நலம்’ என்று போட்டிருக்கிறது. ‘தற்கொலைத் தடுப்பு என்று போட்டால் ஒருத்தரும் வரமாட்டாங்க டாக்டர்’ என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

என் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கோபிக்காரர்கள் மனநல மருத்துவரைப் பார்க்க கோயம்புத்தூர் போவார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஈரோட்டுக்கு வருவார்கள். ஈரோட்டுக்காரர்கள் சேலத்துக்குப் பஸ் ஏறுவார்கள். பஸ்காரர்களுக்கு நல்ல வருமானம். வருகிறவர்கள் காரை ஜவுளிக்கடை முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். ஒரு அம்மா மருந்துச் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்து, “உங்க பேரு இல்லாத வெறும் தாள்ல எழுதிக் குடுங்க சார். நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கோணும்” என்றார். அந்தப் பாப்பா படித்தது பத்தாவது. பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தது.

அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். பல மாதமாகத் தூக்கம் இல்லை, செத்துவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது என்றது. வீட்டில் ஏன் சொல்லவில்லை கண்ணு? “எங்க பெரியப்பா பையன் மாத்திரை சாப்பிடுறான்னு தெரிஞ்சப்போ எங்க வீட்ல எல்லாரும் அவனை லூசுன்னுதான் சொன்னாங்க. அந்த வீட்டோட சம்பந்தமே வேண்டாம்னு அப்புச்சி சொன்னாரு. நான் எப்படிங்க சொல்றது?”

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். பிள்ளை நம்மிடம் மனசு விட்டுப் பேசுவதில்லை என்று குறைப்படுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மனசு சரியில்லாதபோது நாம் பேசியதை எல்லாம் அது சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. தனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும்.

செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் தற்கொலை செய்துகொள்கிற பலருக்கும் காரணம் ‘தீராத வயிற்றுவலி’ என்றுதான் போடுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டார்கூட, ‘கேஸ் ஆயிடும், பேர் கெட்டுடும்’ என்று மருத்துவரிடமே மாற்றிச் சொல்கிறார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் அவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் வந்து விசாரிக்கலாம், ஆனால் பிள்ளையைக் குற்றவாளி ஆக்க முடியாது. உண்மையைச் சொல்லுங்கள்.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையைக் கொண்டுபோய் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது நமக்குப் பழகிப் போனது. 2017-இல் பிளஸ் டூ ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. அறிவித்த கல்வி அமைச்சர் நம்ம கோபித் தொகுதிக்காரர்தான். ரேங்க் போனது, ஃபிளெக்ஸ் போகவில்லை! ஃபெயில் ஆனாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் கல்லூரிக்குப் போகலாம் என்பதை ரிசல்ட்டுக்கு முந்தின நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆனால் பழியை எல்லாம் தேர்வின் மேல் போட்டுவிடவும் முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இழந்தோம். எல்லா வயதினரையும் சேர்த்த அந்தக் கணக்கில் முதல் காரணமாக நிற்பது குடும்பப் பிரச்சினை. தேர்வுத் தோல்வி வெகு கீழே இருக்கிறது. ஒரே ஒரு காரணத்தால் இது நடப்பதும் அபூர்வம்.

பிள்ளை தூங்குவதில்லை, சிநேகிதர்களோடு சேருவதில்லை, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்கிறது என்றால் நேராகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா சாமி?” இப்படிக் கேட்டால் நாமே நினைப்பை மூட்டியது போல ஆகிவிடாதா என்று பயப்படுகிறார்கள். ஆகாது. ஆய்வுகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கேட்டதும் பாதிப் பிள்ளைகள் அழுதுவிடும். அழட்டும். அப்போது போய், கட்டின ஃபீஸையும் நீங்கள் தறி ஓட்டிப் பட்ட கஷ்டத்தையும் எடுக்காதீர்கள். பூசாரியிடம் போய் மந்திரிக்க வேண்டும் என்றால் மந்திரியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதே வாரத்தில் டாக்டரிடமும் வந்துவிடுங்கள்.

அப்புறம், தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பூச்சிமருந்தைத் திண்ணையிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தாண்ட வைத்தால் பிழைத்துக்கொள்வார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலை பாதிக்கும் கீழே இறங்கியது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் வேண்டாம். பெருந்துறை நமக்குப் பக்கம். ராத்திரி இரண்டு மணி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. பிள்ளைகளும் தாங்களாகவே கூப்பிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098-உம் இருக்கிறது. இந்த எண்களை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள், யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் நூலக அறையில் இருப்பேன். தனியாகப் பேச வேண்டியவர்கள் வரலாம். உள்ளே போய் வருகிறவர்களிடம், “என்னங்க, பையனுக்கு என்ன ஆச்சு?” என்று வாசலில் நின்று விசாரிக்காமல் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுங்கள். டீ கீழே, சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில்.