முதல் ஃபிலிம் கேமரா: ரோலை முடிவு செய்துவிட்டுக் கேமராவுக்கு வருவோம்

[திரையில்: மேசை மீது ஒரு 35 எம்எம் ரோல், அதன் அருகில் தாள் சுற்றிய 120 ரோல்.]

வணக்கம். ஃபிலிமில் படம் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஃபிலிமின் அளவு. கேமராவுக்கு ஒருமுறை பணம் கொடுக்கிறோம். ரோல் வாங்குவதற்கும், கழுவுவதற்கும், ஸ்கேன் செய்வதற்கும் ஒவ்வொரு முறையும் கொடுக்கிறோம். உங்கள் ஊரிலோ, கூரியரில் அனுப்பக்கூடிய இடத்திலோ இருக்கும் லேப் எந்த அளவு ஃபிலிமைக் கழுவித் தருகிறது என்று விசாரித்த பிறகே கேமரா தேடத் தொடங்க வேண்டும்.

இன்று எளிதாகக் கிடைக்கும் அளவுகள் இரண்டு. 35 எம்எம் என்பது சினிமா ஃபிலிமிலிருந்து வந்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா அதைப் புகைப்படத்துக்குப் பரவலாக்கியது. 1934-இல் கோடாக் அறிமுகப்படுத்திய, வெளிச்சத்திலேயே கேமராவில் போடக்கூடிய சிறு உருளையில்தான் இன்றும் அது வருகிறது. ஒரு படத்தின் அளவு 24×36 மில்லிமீட்டர், ஒரு ரோலில் வழக்கமாக 36 படங்கள்.

120 அதைவிட மூத்தது, 1901-இலிருந்து இருக்கிறது. இதற்கு உருளை உறை கிடையாது. ஃபிலிமின் பின்னால் ஒட்டிச் சுற்றிய தாள்தான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. எத்தனை படம் கிடைக்கும் என்பதைக் கேமராவே தீர்மானிக்கிறது (படத்தின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வது வழக்கம்): 6×4.5 கேமராவில் 15 அல்லது 16, 6×6-இல் 12, 6×7-இல் 10, 6×9-இல் 8. சதுரமான 6×6 படத்தின் உண்மை அளவு ஏறத்தாழ 56×56 மில்லிமீட்டர். அதாவது 35 எம்எம் படத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான பரப்பு. அந்தப் பரப்பின் பலன், பெரிய பிரிண்ட் போடும்போது ஃபிலிமின் துகள் தெரியாத சருமத்திலும், வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கும் சாம்பல் நிறங்களிலும் தெளிவாகத் தெரியும். ஃபோன் திரையில் பார்ப்பதற்காக மட்டும் எடுப்பவர், ஒரு ரோலில் 12 படங்களே கிடைப்பதால் படத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு செலவு செய்து அந்த வேறுபாட்டில் பெரும்பகுதியைப் பார்க்காமலே விட்டுவிடுவார்.

ஆகவே என் பரிந்துரை 35 எம்எம். காரணம் செலவு மட்டுமல்ல. ஃபிலிமில் வெளிச்சத்தை அளக்கப் பழகும்போது, ஒரே காட்சியை இரண்டு மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. 36 படங்கள் கையில் இருக்கும்போது அதைத் தயக்கமின்றிச் செய்யலாம், 12 மட்டும் இருக்கும்போது கை கூசும்.

அதே ரோலில் 72 படங்கள் தரும் அரை ஃபிரேம் கேமராக்களும் உண்டு. 2024-இல் புதிதாக வெளிவந்த பென்டாக்ஸ் 17 அந்த வகை. சிக்கனமானவைதான் என்றாலும், ஒரு ரோல் முடிய மாதக்கணக்காகிவிட்டால் எந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்பது மறந்துபோகும்; கற்றுக்கொள்ள அது தடை.

வீட்டு அலமாரியில் பழைய கேமரா ஏதாவது இருந்தால், வாங்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். ஒரு காலத்தில் இந்தியாவில் பரவலாகப் புழங்கிய ஆக்ஃபா க்ளிக் 3, இன்றும் கிடைக்கும் 120 ரோலையே ஏற்கும். வெயிலில் எடுத்தால் 12 சதுரப் படங்களைத் தந்துவிடும். 110, 126 எண்ணுள்ள பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் போடும் கேமராவாக இருந்தால், நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஃபிலிம் தேடியே சலித்துப்போவீர்கள்.

[திரையில்: 50 எம்எம் லென்ஸ் பொருத்திய எஸ்எல்ஆர் கேமரா.]

இனி கேமரா. லென்ஸ் வழியாகவே பார்த்து ஃபோகஸ் செய்யும் எஸ்எல்ஆர், அதுவும் பேட்டரி இல்லாமலே ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) இயங்கும் வகை, முதல் கேமராவாக இருப்பது நல்லது. 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஷட்டர் வேகம் ஒரு விநாடி முதல் 1/1000 வரை. வியூஃபைண்டரின் வலப்பக்கம், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் ஒரே ஒரு முள். அந்த முள் நடுவில் நிற்கும்படி வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) திருப்ப வேண்டும், அவ்வளவே. சிறு பொத்தான் பேட்டரி அந்த முள்ளுக்கு மட்டுமே. தீர்ந்துபோனாலும் படம் எடுக்கலாம். மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லாததால், பயன்படுத்தாத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வைக்க வேண்டும். 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2-வும் இப்படிப் பேட்டரியை நம்பாத இயந்திரம். ஷட்டர் 1/4000 வரை போகும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

1976-இல் வந்த கேனன் ஏஇ-1 மிகவும் புகழ்பெற்றது. அதன் ஷட்டர் மின்னணுவால் இயங்குவது. ஆறு வோல்ட் பேட்டரி தீர்ந்தால் கேமரா நின்றுவிடும். நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், பையில் உபரி பேட்டரி ஒன்று இருக்கட்டும். ஆனால் 1990-களின் ஆட்டோஃபோகஸ் பாக்கெட் கேமராக்களுக்கு இன்று சொல்லப்படும் விலையை நான் நியாயமென்று கருதவில்லை. உள்ளே உள்ள சர்க்யூட் பழுதானால் பெரும்பாலும் சரிசெய்ய ஆளும் கிடைக்காது, உதிரியும் கிடைக்காது.

சதுரப் படத்தின் மீதும், நிதானமாக எடுப்பதன் மீதும் உங்களுக்கு உண்மையான விருப்பம் இருந்தால், யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவிலிருந்தே தொடங்கலாம். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் காட்சி இடம் வலமாகத் தெரியும். நடந்து செல்பவரைப் பின்தொடரக் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவோம். பழகச் சில ரோல்கள் ஆகும். அதன் மீட்டர் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது; அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை என்பதால், தனி மீட்டரோ ஃபோன் செயலியோ வேண்டும்.

[திரையில்: கேமராவின் பின்கதவு திறக்கப்படுகிறது, அருகில் சிறு டார்ச்.]

எந்த மாடல் என்பதைவிட, கையில் இருக்கும் அந்த ஒரு கேமராவின் நிலைமையே முக்கியம். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, விளிம்புப் பள்ளத்தில் ஓடும், வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஸ்பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் தொடுங்கள். தார் போல ஒட்டினால் அது மாற்றப்பட வேண்டியது. மாற்றும் செலவு குறைவுதான், விலை பேசும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, கதவு திறந்திருக்கும்போதே ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்துங்கள். மூடும்போது தயங்கினால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கலாம். 1/1000-இல் வைத்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடித்து, லென்ஸைக் கழற்றிய நிலையில் பின்புறமிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். சட்டம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்து மறைய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருண்டால் வாங்க வேண்டாம்.

லென்ஸின் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சற்றே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் மூடிய தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இதை அடிக்கடி காணலாம். இரண்டொரு தூசி படத்தைக் கெடுக்காது. பூஞ்சை கெடுக்கும், மேலும் வளரும். பேட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவரிடம் “ஓடுமா?” என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது ரோல் போட்டு எடுத்தீர்கள், அந்தப் படங்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.

ஃபிலிம் விஷயத்தில், முதல் ரோலுக்கு ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வைக் காட்டும் எண்) 200 அல்லது 400 உள்ள கலர் நெகட்டிவ் போதும். கோடாக் கோல்டு 200 வெயிலுக்குப் பொருந்தும். நெகட்டிவ் ஃபிலிம் சற்று அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தை அவ்வளவு தாங்காது. வீட்டிலேயே கழுவிப் பார்க்க ஆசையிருந்தால் இல்ஃபோர்டு எச்பி5 போன்ற கறுப்பு-வெள்ளையில் தொடங்குங்கள். ஃபிலிமைக் கழுவும் திரவமான டெவலப்பருக்குச் சொல்லப்படும் வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி. கோடையில் நம் குழாயில் வரும் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்பதால், பனிக்கட்டி போட்ட வாளிக்குள் பாட்டிலை வைத்துக் குளிரச் செய்ய வேண்டியிருக்கும். உதகையில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை தயாரித்த ‘இந்து’ ரோல்கள் பழைய கடைகளில் கண்ணில் பட்டால், அவற்றைப் பின்னாளில் முயன்று பாருங்கள். ஆலை மூடப்பட்டுவிட்டதால் அவை யாவும் காலாவதியானவை, படம் மங்கினால் தவறு உங்களுடையதா ஃபிலிமுடையதா என்று பிரித்தறிய முடியாது.

ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும் வரை சில மணி நேரம் விட்டுவைத்தால் ஃபிலிமில் நீர் பூக்காது.

[திரையில்: ஃபிலிமின் நுனி சுழல் தண்டில் செருகப்படுகிறது.]

ரோல் போட்டுக் கதவை மூடியதும், இடப்பக்கம் மேலே உள்ள குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை நீக்குங்கள். பிறகு லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் நுனி நழுவிவிட்டது, எண்ணிக்கை காட்டி எவ்வளவு ஓடினாலும் ஒரு படமும் பதியாது. ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அப்பர்ச்சர் இரண்டையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். லேப்பில் கொடுக்கும்போது, ஸ்கேனுடன் நெகட்டிவையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் கேட்காதவர்களுடைய நெகட்டிவைச் சில வாரங்களில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். குறிப்பு நோட்டையும் நெகட்டிவையும் அருகருகே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எந்தப் படத்தில் வெளிச்சம் குறைந்தது, எதில் மிகுந்தது என்பது ஸ்கேனில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். ஏனென்றால் ஸ்கேனர் அதையெல்லாம் தானே திருத்திவிட்டிருக்கும்.