எடை மெஷின் ஷோவை நம்ம பசங்க பார்க்கலாமா?

வணக்கம் மக்களே! தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. பொண்ணு எட்டாவது படிக்குது, லீவு முழுக்க ஃபிட்னஸ் போட்டி ஷோவா பார்க்குதாம். "விடட்டுமா, பிடுங்கி வைக்கட்டுமா?"ன்னாங்க. எந்த ஷோன்னு திருப்பிக் கேட்டேன். ஏன்னா எல்லாத்தையும் ஒரே கணக்குல சேர்க்க முடியாதுங்க.

மெஷின்ல ஏத்தி, எத்தனை கிலோ குறைஞ்சிருக்குன்னு பார்த்து ஜெயிச்சது யாருன்னு சொல்றாங்க இல்ல, அந்த ரகம் வளர்ற பசங்களுக்கு வேண்டாம். சுவர் ஏறு, கயித்துல தொங்குன்னு சொல்ற ரகத்தைத் தாராளமா பார்க்கட்டும். என் கட்சி இதுதான்.

முதல் ரகத்துக்குத் தலைவர் யாருன்னா, 2004-ல அமெரிக்காவுல என்பிசி சேனல் ஆரம்பிச்ச 'தி பிக்கஸ்ட் லூசர்'. அதுல 2009-ல வந்த எட்டாவது சீசனை ஜெயிச்சவர் டேனி காஹில். சில மாசத்துலயே நூறு கிலோவுக்கு மேல குறைச்சார். கைதட்டல், பரிசு, எல்லாம் ஆச்சு. ஆனா அப்புறம் நடந்ததைக் கேளுங்க. ஆறு வருஷம் கழிச்சு, அமெரிக்க அரசோட தேசிய சுகாதார நிறுவனத்துல அப்போ இருந்த ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழு, அந்த சீசன் ஆளுங்க 14 பேரைப் பரிசோதிச்சாங்க. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அது கூடப் பரவாயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு கலோரி எரிக்கும் இல்லையா? அது அவங்க எடைக்கு இருக்க வேண்டியதைவிட, தினமும் சராசரியா 500 குறைவா இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு! 2016-ல இந்த ஆய்வு வெளியாச்சு. ஆனா பசங்க பார்க்கிறது ஃபைனலை மட்டும்தானே.

இன்னொண்ணு சொல்றேன், எனக்கு இதுதான் பெரிய விஷயம். பதிமூணு, பதினாலு வயசுல எடை ஏறணும்ங்க. எலும்பு வளருது, உயரம் கூடுது, பொண்ணுங்களுக்கு இடுப்பு, தொடையில சதை பிடிக்குது. உடம்பு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த வயசுல போய், நம்பர் ஏறினா தோல்வி, மூஞ்சியைத் தொங்கப்போட்டு வெளியே போகணும்னு காட்டுற ஷோவைப் பார்த்தா, அந்தப் பொண்ணு மெஷின்ல ஏறும்போது மனசுல என்ன ஓடும்? வாரத்துக்கு அரை கிலோ, ஒரு கிலோ குறையுறதுதான் பெரியவங்களுக்கே பாதுகாப்புன்னு டாக்டருங்க சொல்றாங்க. ஷோவுல ஒரே வாரத்துல அஞ்சு கிலோ குறைஞ்சாலும் முகம் சுளிப்பாங்க! அதுல நிறைய தண்ணிதான்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

2013-ல அந்த ஷோவுலயே 13 வயசு, 16 வயசுப் பசங்களைக் கொண்டுவந்தாங்க. ஆனா எலிமினேஷன்ல அவங்களைச் சேர்க்கலை. ஆக, பசங்களுக்கு அந்த விளையாட்டு ஆகாதுன்னு ஷோ எடுத்தவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்போ பார்க்கிற பசங்க மட்டும் என்ன, இரும்பா?

ரெண்டாவது ரகம், தடைகளைத் தாண்டுற 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்', வேற மாதிரி. 2021-ல கலந்துக்கிற குறைஞ்சபட்ச வயசையே 15-க்கு இறக்கிட்டாங்க. சின்னப் பசங்களுக்குத் தனியா ஜூனியர் ஷோவும் வந்துச்சு. யாரோட எடையையும் மேடையில அளக்கிறதில்லை. தாவுறாங்க, தொங்குறாங்க, கை நழுவினா தண்ணியில தொபுக்கடீர்! பார்த்துட்டு பையன் கதவு நிலையைப் பிடிச்சுத் தொங்குவான், அவ்வளவுதான். நிலை உறுதியா இருக்கான்னு பார்த்துக்கோங்க.

கொரியாவோட 'பிசிக்கல்: 100' ரெண்டுக்கும் நடுவுல. போட்டி எல்லாம் அருமை. ஆனா சட்டையைக் கழட்டி நிக்கிற அந்த உடம்புங்க ஒலிம்பிக் வீரர், மல்யுத்த வீரர், பாடிபில்டரோடது, பல வருஷ உழைப்பு. பத்தாவது படிக்கிற பையன் அதை மூணு மாசத்துல வேணும்னு கேட்டு, ஜிம் அண்ணன்கிட்ட "என்ன பவுடர்ணா?"ன்னு நிப்பான். அதனால அதைக் கூட உட்கார்ந்து பாருங்க, பேசுங்க. பவுடர் பத்தி அடுத்த வீடியோவுல விவரமா சொல்றேன், டாட்டா!