குட்டி ஊரு குடுத்த லீவு

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான்னதும் எனக்கு முன்னாடி பேசினவங்க புல்லட் ரயிலு, கியோட்டோ கோயிலுன்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டாங்க, அதனால நான் டோக்கியோல இருந்து கெய்ஹின்-தொஹோக்கு ரயில் லைன்ல அரை மணி நேரம் போனா வர்ற ஒரு ஊரை எடுத்துக்கிட்டேன். பேரு வராபி, சைத்தாமா மாகாணம். மொத்தமே 5.11 சதுர கிலோமீட்டர், ஜப்பான்ல 'நகரம்'ங்கிற அந்தஸ்து இருக்குற ஊர்கள்லேயே குட்டி இதுதான். சாப்பிட்டுட்டு காலாற நடந்தா பக்கத்து ஊருக்குள்ள போயிடுவோம். அதுக்குள்ள கிட்டத்தட்ட 75,000 பேரு, நெரிசல்லயும் இதுதான் ஃபர்ஸ்ட்டு (டோக்கியோவோட 23 வார்டு இந்தக் கணக்குல வராது).

அந்தக் காலத்துல எடோல (இப்போதைய டோக்கியோ) இருந்து மலை வழியா கியோட்டோ போற நாகாசென்டோ ரோட்டுல இது ரெண்டாவது சத்திரத்து ஊரு. ஊரைச் சுத்தி வாய்க்கா, பின்வாசல்ல வாய்க்கா மேல ஒரு பலகைப் பாலம், ராத்திரியானா மேல தூக்கிருவாங்க, அவ்வளவுதான், ஊரு பூட்டியாச்சு. திருடனுக்காகன்னும் சொல்றாங்க, சத்திரத்துல வேலை பாத்த பொண்ணுங்க ஓடிடக்கூடாதுன்னும் சொல்றாங்க, எனக்கென்னவோ ரெண்டாவதுதான் நெஜம்னு தோணுது.

மெயின் மேட்டருக்கு வர்றேன். ஜனவரி மாசம் ஜப்பான் பொண்ணுங்க நீளக் கை கிமோனோ போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ பாத்திருப்பீங்களே, 20 வயசு நிறைஞ்சு பெரியவங்க ஆனவங்களை வாழ்த்துற நாள், அதுக்கு விதை போட்டது இந்த ஊருதான். போர்ல தோத்து அடுத்த வருஷம், 1946 நவம்பர், சோத்துக்கே திண்டாட்டம், பசங்க சோர்ந்து கிடக்காங்க, வராபிக்காரங்க ஸ்கூல் கிரவுண்டுல டென்ட் அடிச்சு இளைஞர் விழான்னு வச்சு 20 வயசானவங்களைக் கூப்பிட்டு வாழ்த்தியிருக்காங்க. ரெண்டே வருஷத்துல, 1948ல, நாட்டுக்கே அரசு விடுமுறையா சட்டம் வந்துருச்சு!

இப்ப வராபி, பக்கத்துல கவாகுச்சி சுத்துவட்டாரத்துல துருக்கில இருந்து வந்த குர்து மக்கள் நெறைய பேரு, அவங்க தாயகமான குர்திஸ்தான் மாதிரி 'வராபிஸ்தான்'னு பட்டப்பேரே இருக்கு.

ஒரு தடவ கவாகுச்சியோட சேர்த்துடலாம்னு பேச்சு வந்து 2004ல புது ஊருக்கு என்ன பேரு வைக்கிறதுங்கிற தகராறுல கலைஞ்சு போச்சு. பேரு விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு, அந்த 20 வயசு விழாவை நாட்டுல பொதுவா 'செய்ஜின்-ஷிகி'ன்னு (பெரியவங்க ஆன விழா) சொல்லுவாங்க, வராபி 'செய்னென்-ஷிகி'ன்னு (வயசு நிறைஞ்ச விழா) தனிப் பேரு வச்சிருக்கு.