சிறுவிடை, கிராமப்ரியா, கடக்நாத்: மூன்றையும் ஒரே கூட்டமாக வளர்க்கலாமா?

வணக்கம் நண்பர்களே! அணைக்கட்டு பக்கம் எங்கள் வீட்டுப் புறக்கடையில் இருந்து பேசுகிறேன். பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது இல்லையா, அது முதல் முட்டைக்கு இடம் தேடிக் கேறுகிற விடைக்கோழி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை கோழி வாங்கப் போகிறவர்கள் "எந்த ரகம் நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ரகத்தை வாங்குங்கள், மூன்றையும் சேர்த்தும் வளர்க்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நம் சின்ன நாட்டுக்கோழியான சிறுவிடையில், நன்றாக அடை உட்காருகிற பெட்டை குறைந்தது இரண்டு கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை முதலில் வாங்குங்கள், மற்ற ரகமெல்லாம் அப்புறம்.

ஏன் என்றால், சிறுவிடை வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் வைக்கும். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்ரியா, நல்ல பராமரிப்பில் 160, 180 வரைக்கும் வைக்கும். ஆனால் அது அடைக்கு உட்காராது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கோழி, 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதையும் அடைக்கு நம்ப முடியாது. பாதியில் எழுந்து போய்விடும். அதனால் இந்த இரண்டின் முட்டையையும் சிறுவிடைக்கு அடியில் வைத்துவிடுங்கள். இன்குபேட்டர் வேண்டாம், கரண்ட் போனால் பயம் வேண்டாம். சிறுவிடை பொரிப்பதோடு நிற்காமல் குஞ்சுகளை அணைத்து, கிளறித் தின்னக் கற்றுக்கொடுத்து, பருந்து நிழல் விழுந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பல்பு போட்டு நாம் கொடுக்கிற சூடு இதற்கு ஈடாகாது.

அடை வைக்கிற கூடையை இப்போது காட்டுகிறேன், பாருங்கள். அடியில் மணல், மேலே வைக்கோல், நடுவில் குழி. வேப்பிலையும் போட்டிருக்கிறேன், பேனுக்காக. அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய், ஒரு இரும்புத் துண்டு, இதெல்லாம் ஆயா வைக்கச் சொன்னது, வைத்திருக்கிறேன். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. சிறுவிடையின் சொந்த முட்டை என்றால் பத்து, பன்னிரண்டு தாங்கும். கிராமப்ரியா முட்டை பெரிசு, எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். எல்லா முட்டையும் வயிற்றுக்கு அடியில் மறைகிறதா, அதுதான் கணக்கு. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். 21-ம் நாள் பொரிந்துவிடும். கத்திரி வெயிலில் மட்டும் அடை வைக்காதீர்கள். நம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நேரத்தில் முட்டையும் கெடும், தாய்க்கோழியும் வாடும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கிராமப்ரியாவும் நாட்டுச் சேவலும் சேர்ந்து வருகிற குஞ்சு, தாய் அளவுக்கு முட்டை வைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் மண்ணின் சுறுசுறுப்பு இருக்கும், நிறமும் விதவிதமாக வரும். எனக்கு அந்தக் கலப்புக் குஞ்சுகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அசீல் சேவலை இன்னொரு சேவலோடு விடவே விடாதீர்கள், சண்டைக்கென்றே வந்த ரகம் அது.

சரி, புதுக் கோழியைச் சேர்ப்பது. பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தை மாதிரி இடத்தில் வாங்கினால், பல ஊர்க் கோழிகளோடு நின்றுவிட்டு வருகிறது. நேராகக் கூட்டத்தில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். தீனித் தட்டும் தண்ணீரும் தனி. பழைய கோழிகளுக்கு வேலை முடித்த பிறகுதான் புதுசிடம் போக வேண்டும். வாட்டம், தும்மல், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல் எதுவும் இல்லை என்றால், நடுவே கம்பி வலை வைத்துக் கொஞ்ச நாள் பார்க்க விட்டு, ராத்திரி அடைகிற நேரத்தில் பழைய கோழிகளோடு ஏற்றிவிடுங்கள். கொத்து குறையும். கடக்நாத் கொஞ்சம் பயந்த சுபாவம், அதனால் தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

தீனிக்குப் பெரிய செலவு இல்லை. கம்பு, நொய், தவிடு, முருங்கைக் கீரை, குஞ்சுக்குக் கரையான். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனித் தட்டில். ராத்திரிக் கூண்டு மட்டும் கீரியும் மரநாயும் நுழையாதபடி இருக்கட்டும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும், வந்த பிறகு மருந்து கிடையாது. மஞ்சள், மிளகு, கீழாநெல்லி கொடுங்கள், நல்லதுதான், ஆனால் அது தடுப்பூசிக்குப் பதில் ஆகாது. குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடியும். எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி, சின்னக் குஞ்சுக்கு அதைப் போடக் கூடாது. பக்கத்தில் ராணிப்பேட்டையிலேயே 1932 முதல் அரசு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது, நம் ஊர்க் கோழிக்கு ஊசி கிடைக்கவில்லை என்று சொல்லவே கூடாது. கால்நடை மருந்தகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

தடுப்பு மருந்தை வெளியில் வாங்கினால் ஒரு பாட்டில் பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவு. உங்களிடம் இருப்பதோ பதினைந்து. கலக்கிய மருந்து இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கிற வீட்டையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஐஸ் போட்ட டப்பாவில் மருந்தைக் கொண்டுவந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே மூச்சில் எல்லார் வீட்டுக் கோழிக்கும் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் உங்கள் கோழிக்குப் பாதுகாப்பு, இரண்டும் ஒரே குப்பைமேட்டில்தானே மேய்கிறது.