கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

பெரம்பூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: “அண்ணனுக்கு மூளையில க்ளையோபிளாஸ்டோமா (வேகமா வளர்ற மூளைப் புற்றுநோய்) மாதிரி இருக்குன்னு ஸ்கேன் பார்த்துச் சொன்னாங்க. அடுத்த வாரம் ஆபரேஷன். எடுக்கிற கட்டியில கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமான்னு கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா? அதை வச்சு என்ன பண்ணுவாங்க? எலிக்குக் குணமாச்சுன்னு செய்தியில வர்ற மருந்தெல்லாம் நம்மகிட்ட ஏன் வர்றதில்ல?”

போடலாம்மா. ஆனா படிவத்துல ஒரு வரி இருக்கான்னு பாருங்க: சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கிற கட்டியில, பத்தாலஜிக்கு (என்ன நோய்னு உறுதி பண்ற சோதனைக்கு) போக மிச்சமாகறது மட்டும்தான் ஆராய்ச்சிக்குன்னு. ஆராய்ச்சிக்காகக் கூடுதலா வெட்டறதா இருந்தா, ஏன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம போடாதீங்க. மாட்டேன்னு சொன்னாலும் சிகிச்சையில ஒரு குறையும் வரக்கூடாது. பின்னால சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கவும் உரிமை உண்டு.

இப்ப தியேட்டருக்குள்ள வாங்க. வசதி இருக்கிற இடத்துல மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்னாடி 5-ஏஎல்ஏன்னு ஒரு திரவம் குடிக்கக் கொடுப்பாங்க. எடையில கிலோவுக்கு 20 மில்லிகிராம். மைக்ரோஸ்கோப்புல நீல விளக்கைப் போட்டா கட்டி செக்கச்செவேல்னு ஒளிரும். ஓரத்துக்குப் போகப் போக வெளிர் ரோஸ். ஆராய்ச்சிக்கு அந்த ஓரம் ரொம்ப முக்கியம், கட்டி பெரும்பாலும் திரும்ப முளைக்கிறது அங்கேதான். அதனால நடுத்துண்டு, ஓரத்துண்டு ரெண்டையும் தனித்தனிக் குப்பியில போட்டு லேபிள் ஒட்டணும். (இந்த மருந்து குடிச்சவங்க 24 மணி நேரம் வெயில்லயும் பளிச்சுனு எரியற விளக்கடியிலயும் இருக்கக்கூடாது. தோல் வெந்துரும்.)

பட்டாணி அளவு துண்டுதான். ஆனா அது எந்தக் குப்பியில விழுதுங்கறதுலயே பாதி ஆராய்ச்சி முடிஞ்சிரும். ஃபார்மலின்ல போட்டா செல் செத்துரும். அது பத்தாலஜிக்குச் சரி, வளர்க்க முடியாது. மரபணு பார்க்கணும்னா உடனே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. வளர்க்கணும்னா ஐஸ்ல வச்ச குளிர்ந்த ஊட்டத் திரவத்துல சீக்கிரமா லேபுக்கு ஓடணும். ரத்தத்தை நிறுத்தச் சுட்ட இடத்துல எடுத்த துண்டு எதுக்கும் உதவாது.

லேப்ல பிளேடால பொடியா நறுக்கி, நொதி போட்டுக் கரைச்சு, வலையில வடிகட்டி, 37 டிகிரியில வளர்ப்பாங்க. பழைய வழக்கம், கன்னுக்குட்டி சீரம் ஊத்தறது. அதுல செல் தட்டுல ஒட்டிக்கிட்டு வேகமா பெருகும், ஆனா கொஞ்ச நாள்லயே தன்னோட மூலக் குணத்தை இழந்துரும். சீரம் இல்லாம, இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்னு செல் வளரத் தூண்டுற ரெண்டு புரதமும் மில்லிக்கு 20 நானோகிராம் வீதம் சேர்த்தா குட்டிக் குட்டி உருண்டையா மிதக்கும். இதுதான் நோயாளியோட கட்டிக்குக் கிட்டத்துல இருக்கிறது. எல்லாக் கட்டியும் இப்படி வளராது. பல துண்டு வீணாகத்தான் செய்யும்.

எலி விஷயத்துக்குப் பதில் இங்கதான் இருக்கு. பல வருஷமா உலகம் பூரா சோதனைக்குப் பயன்பட்ட யு87-ங்கற செல் வரிசை (ஒரே கட்டியில இருந்து எடுத்து லேப்ல தொடர்ந்து வளர்த்துட்டு வர்ற செல்கள்), ஸ்வீடன்ல எடுத்த மூலக் கட்டியோட ஒத்துப்போகலன்னு 2016-ல டிஎன்ஏ ஒப்பிட்டுக் கண்டுபிடிச்சாங்க. அது எலி மூளையில பந்து மாதிரி வளரும், விளிம்பு தெளிவா இருக்கும். மனுஷனுக்கு வர்றது வேர் மாதிரி நல்ல மூளைக்குள்ள ஊடுருவி ஓடும். அந்த ஊடுருவின இடத்துல ரத்தக்குழாய்ச் சுவர் எதையும் லேசுல உள்ள விடாம இன்னும் இறுக்கமாவே இருக்கிறதால மருந்து போய்ச் சேராது. பந்தை அழிச்ச மருந்து வேரைத் தொடாம நின்னுருது. உங்க அண்ணன் மாதிரி ஆளோட புதுத் துண்டுக்கு லேப்காரங்க ஏங்கறது அதனாலதான்.

இதோட ரிசல்ட் உங்க கைக்கு வரும்னு எதிர்பார்க்காதீங்க. உங்களுக்கு வேண்டியது பத்தாலஜி ரிப்போர்ட். ஐடிஹெச், எம்ஜிஎம்டின்னு கட்டியோட மரபணுவைப் பார்க்கிற ரெண்டு சோதனையும் அதுல இருக்கான்னு கேளுங்க. டெமோசோலோமைடுங்கற புற்றுநோய் மாத்திரை எவ்வளவு கேக்கும்னு கணிக்க எம்ஜிஎம்டி உதவும். கட்டித் துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருக்கிற மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் எங்க வச்சிருக்காங்கன்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க. நாளைக்குப் புது மருந்துச் சோதனையில சேரணும்னா முதல்ல அந்த பிளாக்கைத்தான் கேப்பாங்க. சேர்றதுக்கு முன்னாடி சிடிஆர்ஐ (இந்தியாவுல நடக்கிற மருந்துச் சோதனைகளோட பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்துல அந்த எண் இருக்கான்னு நீங்களே பாருங்க.