ஆச்சிக்கு லேட்டா வந்த பத்மஸ்ரீ

எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான்னு சொல்லித்தான் மைக்க குடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

மன்னார்குடின்னா மதிலழகு, ராஜகோபாலசாமி, ஹரித்ராநதின்னு அடுக்குறோம், 1937ல இங்க பொறந்த கோபிசாந்தாவ சொல்றோமா? அதாங்க நம்ம மனோரமா. அம்மா சின்னப் புள்ளையிலயே பள்ளத்தூருக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, அங்க வளந்ததால ஆச்சின்னு பேராகி செட்டிநாட்டுக்காரங்க ஆக்கிட்டோம், போகட்டும்.

சினிமாவுக்கு வந்தது 1958ல, பத்மஸ்ரீ குடுத்தது 2002ல. நடுவுல நாப்பத்து நாலு வருஷம்! ஆயிரம் படத்துக்கு மேல நடிச்சு கின்னஸ்ல பேரு வந்து, அப்புறம்தான் டெல்லிக்கு ஞாபகம் வருது. நாகேஷுக்கு அதுவும் இல்ல. 2009 ஜனவரில விவேக்குக்கு பத்மஸ்ரீன்னு லிஸ்ட் வந்துச்சு, விவேக்குக்கு குடுத்தது ரொம்ப சரி, ஆனா அந்த மாசம் 31ஆம் தேதியே நாகேஷ் ஒரு பத்ம விருதும் வாங்காம போயிட்டாரு.

ஏன் இப்படின்னா, என் கணக்குக்கு, அழுதா நடிப்பு, சிரிக்க வெச்சா சும்மா விளையாட்டுன்னு நம்ம எல்லாருக்குமே ஒரு நெனப்பு இருக்கு. தில்லானா மோகனாம்பாள் படத்துல ஆச்சி நடிச்ச ஜில் ஜில் ரமாமணிய எடுத்துக்கோங்க. எதிர்ல நாயனத்தோட சிவாஜி, அவர்கிட்ட போயி இந்த சத்தம் உங்க நாயனத்துல மட்டும்தான் வருமான்னு பச்சப்புள்ள மாதிரி கேக்கணும், கண்ணுல துளி நக்கல் தெரிஞ்சாலும் சீன் போச்சு. தெரியல பாருங்க, அதான் தொழிலு. ஆனா தேசிய விருது வந்தது 1989 படத்துக்கு, அதுவும் துணை நடிகைன்னு.

விருது லேட்டு, ஜனங்க லேட்டே இல்ல. இந்த கடலோர ஊர்லல்லாம் மாடில கம்பம் நட்டு ஆண்டெனாவ திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாஹினிய புடிச்சவங்க நாம, பாதி படம் புள்ளிப்புள்ளியா தெரியும், ஆச்சி குரல் கேட்டா போதும் திண்ணையே சிரிக்கும். கடைசி காலத்துல சீரியல்லயும் வந்தாங்க, இன்னைக்கும் காமெடி சேனல போட்டா வந்து நிக்கிறாங்க.

ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது. பத்ம விருதுக்கு யாரு வேணா யார வேணா பரிந்துரைக்கலாம், ஆன்லைன்லயே, எண்ணூறு வார்த்தைக்குள்ள அவங்க செஞ்சத எழுதணும், அவ்ளோதான். நம்ம பக்கம் திருவிழா நாடகத்துல விடிய விடிய பபூன் வேஷம் கட்டுறவங்க இருக்காங்கல்ல, அவங்க பேர யாரு எழுதுறது? டைப் பண்ண நான் ரெடி, கூட்டம் முடிஞ்சதும் பந்தல்லயேதான் இருப்பேன், பேரோட வாங்க.